கையடக்கக் கேமும் ஆன்லைன் பாத்திர விளையாட்டும்: பம்மல் முதல் சிங்கப்பூர் வரை

2004 நவம்பர் 21 அன்று நின்டெண்டோ நிறுவனம் இரட்டைத் திரை கொண்ட டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நவம்பர் 23இல் பிளிசார்ட் நிறுவனத்தின் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆன்லைன் பாத்திர விளையாட்டு வெளியானது. டிசம்பர் 12இல் சோனியின் பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவி ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. கேம் வரலாற்றின் மூன்று பெரிய நிகழ்வுகள் மூன்றே வாரத்தில் நடந்து முடிந்தன. அதே ஆண்டு அக்டோபரில்தான் இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்து, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்திருந்தது.

பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என நீளும் சென்னையின் தென்புறநகரில் கேம் ஆடி வளர்ந்த ஒரு தலைமுறையின் அனுபவம் இந்த நான்கு நிகழ்வுகளின் நடுவே உருவானது. எந்தக் கருவியில் படம் தெளிவு, எதில் வேகம் அதிகம் என்ற விவாதம் ஆடுபவர்களிடையே ஓய்வதில்லை. ஆனால் இந்தப் பகுதியில் எது ஆடப்பட்டது, எவ்வளவு நேரம் ஆடப்பட்டது, எது நிலைத்தது என்பதைத் தீர்மானித்தவை வேறு: மின்சாரம், மின்சார ரயில், கடலடிக் கம்பி, பழைய பொருள் சந்தை. இந்த நான்கின் வழியாகப் பார்த்தால்தான் இரு வகை விளையாட்டின் இயல்பும் விளங்கும்.

இரு வகை, இரு இயல்பு

கையடக்கக் கேமில் திரை, பொத்தான், பேட்டரி, விளையாட்டு எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அதன் உலகம் ஆடுபவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் நிறுத்தினால் அது நிற்கும். மீண்டும் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆன்லைன் பாத்திர விளையாட்டின் உலகம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. ஆடுபவர் வீரன், மந்திரவாதி, வைத்தியன் என ஒரு பாத்திரத்தை ஏற்று அதற்குள் நுழைகிறார். ஆயிரக்கணக்கானோர் அதே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். அவர் உறங்கப் போனாலும் அந்த உலகில் சந்தை நடக்கும், போர் நடக்கும், நட்பும் பகையும் வளரும். முதலாவது தனிமைக்கும் இடைவேளைக்கும் உரியது. இரண்டாவது கூட்டத்துக்கும் நீண்ட நேரத்துக்கும் உரியது.

ரயிலில் பிறந்த கருவி

கையடக்கக் கேமின் தோற்றக் கதையிலேயே ஒரு ரயில் இருக்கிறது. நின்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் ஒரு பயணி நேரம் போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டார் என்றும், அதிலிருந்தே 1980இல் வெளிவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ கருவிக்கான எண்ணம் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. கால்குலேட்டர் தொழிலின் போட்டியால் விலை சரிந்திருந்த திரவப் படிகத் திரையையே அவர் பயன்படுத்தினார். நன்கு பழகிப்போன, மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதே அவருடைய கொள்கை. சிலுவை வடிவத் திசைப் பொத்தானும் அவருடைய ஆக்கமே. 1982இல் ‘டாங்கி காங்’ கேம் அண்ட் வாட்ச் கருவியில் வந்த அந்தப் பொத்தான், இன்றைய கருவிகள் வரை ஏறத்தாழ அதே வடிவில் தொடர்கிறது.

தென்புறநகரின் நாளும் ரயிலால் அளக்கப்படுவதே. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. சுமார் 30 கிலோமீட்டர் கொண்ட அந்தத் தடத்தில் ஒருமுறை போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பம்மல்காரர்களுக்கு ரயில் என்றால் பல்லாவரம் நிலையம். அங்கிருந்து கல்லூரிக்கோ வேலைக்கோ போய்த் திரும்பும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பெட்டியிலேயே கழியும். இடையில் கூட்டம் ஏறும், இறங்க வேண்டிய நிலையம் வரும், நண்பர் பேச்சுக் கொடுப்பார். எந்த நொடியிலும் நிறுத்தக்கூடிய விளையாட்டே இத்தகைய பயணத்துக்குப் பொருந்தும். கையடக்கக் கேம் ஜப்பானில் எந்தத் தேவையால் பிறந்ததோ, அதே தேவை இங்கேயும் இருந்தது.

பேட்டரிக் கணக்கு

1989இல் வந்த ‘கேம் பாய்’ கருவியின் வெற்றி, ஆடுபவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பாடம். அதன் திரைக்கு வண்ணமில்லை, 160க்கு 144 புள்ளிகள், பின்னொளியும் கிடையாது. அதே ஆண்டில் வந்த அட்டாரியின் ‘லிங்க்ஸ்’, அடுத்த ஆண்டு வந்த சேகாவின் ‘கேம் கியர்’ இரண்டும் பின்னொளி கொண்ட வண்ணத் திரையோடு வந்தன. ஆனால் அவை ஆறு பென்சில் பேட்டரிகளைத் தின்று நான்கைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. ‘டெட்ரிஸ்’ விளையாட்டும் அதனுடன் சேர்ந்தது. இறுதியில் கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. போட்டியாளர்கள் இருவரும் களத்தைவிட்டு விலகினர்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் இன்னும் கூர்மையாக உறைத்தது. 2008 முதல் சில ஆண்டுகள் மாநிலம் முழுவதும் மின்வெட்டு வாட்டியது. 2012இல் சென்னை நகருக்குள்ளேயே நாளுக்கு இரண்டு மணி நேர வெட்டு அறிவிக்கப்பட்டது. நகர எல்லைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் கணினி கேம் ஆடுபவருக்கு, சேமிக்காத ஆட்டம் ஒரே நொடியில் போய்விடும். ஆன்லைன் ஆட்டமாக இருந்தால் கூட்டாளிகளைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு மறைந்துபோனவர் ஆகிவிடுவார். கையில் சார்ஜ் நிற்கும் ஒரு சிறு கருவி அந்த இருட்டில் தனி மதிப்புப் பெற்றது. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டி ஒரே நாளில் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அதன்பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதையும் அனுபவித்தவர்களுக்கு, பேட்டரி என்பது விளம்பரப் பட்டியலின் கடைசி வரியில் நிற்கும் விஷயமன்று.

கேம் பாயின் பாடத்தைப் புதிய கருவிகளும் மறுபடி மறுபடி படிக்கவேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் அசுஸ் நிறுவனத்தின் ‘ஆர்ஓஜி ஆலை’ இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வந்தது. முழு விண்டோஸ் கணினியையே கைக்குள் அடக்கிய கருவி அது. ஆனால் 40 வாட்-மணி பேட்டரியை வைத்துக்கொண்டு, கனமான கேம்களில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே அதற்குப் பாடாயிற்று. அடுத்த ஆண்டே வந்த திருத்திய பதிப்பில் பேட்டரியை 80 வாட்-மணியாக இரட்டிப்பாக்கினார்கள். நின்டெண்டோவும் 2017இல் வந்த ‘ஸ்விட்ச்’ கருவியின் குறைந்தபட்ச பேட்டரி நேரத்தை, 2019இன் திருத்திய பதிப்பில் இரண்டரை மணியிலிருந்து நாலரை மணியாக உயர்த்தியது.

பர்மா பஜாரிலிருந்து பல்லாவரம் சந்தைக்கு

இந்தியாவில் கையடக்கக் கருவிகளின் அதிகாரபூர்வ விற்பனை எப்போதும் அரைகுறையானது. சோனி பிஎஸ்பியையும் பின்னர் வீட்டா கருவியையும் இங்கே விற்றது. நின்டெண்டோ சில காலம் விநியோகஸ்தர்கள் மூலம் தலைகாட்டிவிட்டுப் பின்வாங்கியது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்ச், இந்தியாவில் முறைப்படி வெளியிடப்படவில்லை. பூனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ராஜி’ என்ற இந்தியப் புராண விளையாட்டு 2020 ஆகஸ்டில் முதலில் வெளியானதே ஸ்விட்சில்தான். இந்தியக் கேம் ஒன்று இந்தியாவில் முறையாக விற்கப்படாத கருவியில் பிறந்தது.

இந்த இடைவெளியைச் சென்னையில் நிரப்பியவை மூன்று சந்தைகள். மின்சார ரயில் தடத்தின் வடமுனையில், கடற்கரை நிலையத்தருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜார் இருக்கிறது. வெளிநாட்டு மின்னணுப் பொருளின் வாசலாக அது நெடுங்காலம் இருந்தது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிய இடம். மூன்றாவது, பம்மலுக்குப் பக்கத்திலேயே பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை. செடி, கோழி, கட்டில், பழைய கணினி, சார்ஜர், ஜாய்ஸ்டிக் எனப் பயன்படுத்திய பொருள் எல்லாம் கைமாறும் சந்தை அது.

1990களின் பிள்ளைகளுக்குக் கையடக்கக் கேம் என்றால் முதலில் ‘பிரிக் கேம்’. டெட்ரிஸையும் அதைப்போன்ற சில ஆட்டங்களையும் வைத்துக்கொண்டு ‘9999 இன் 1’ என்று அட்டையில் அச்சிட்டு விற்ற மலிவுக் கருவி. வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டும் ‘டிவி கேம்’, 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாமின் போலி வடிவம். அதன் கார்ட்ரிட்ஜைத் தமிழ்நாட்டில் எல்லோரும் ‘கேசட்’ என்றே சொன்னார்கள். அந்தக் கேசட்டைத் தெருவில் மாற்றிக்கொள்ளலாம், வாடகைக்கு எடுக்கலாம், விற்கலாம். விளையாட்டு ஒரு பொருளாக இருந்தது. அதனால் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது.

அடுத்து வந்தது செல்போன். 1997இல் நோக்கியா 6110 கருவியில் ஏறிய ‘ஸ்னேக்’ என்ற பாம்பு விளையாட்டு, கேம் கருவி வாங்க முடியாத வீடுகளிலும் கையடக்கக் கேமைக் கொண்டுசேர்த்தது. தென்புறநகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. அந்த ஆண்டுகளில், உலகின் பல நாடுகளில் பாம்பு விளையாட்டு ஆடியவர்களின் கையிலிருந்த போன் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிலாளர்கள் பூட்டியதாக இருந்திருக்கும்.

பிஎஸ்பியின் கதை வேறு. 4.3 அங்குலத் திரை, பாட்டு, சினிமா, கேம் எல்லாம் ஒன்றில். அதன் விளையாட்டுகள் யுஎம்டி என்ற சிறு வட்டில் வந்தன. வட்டின் விலையைத் தாங்க முடியாதவர்கள் மென்பொருள் பூட்டை உடைத்து, மெமரி ஸ்டிக்கில் கேம் ஏற்றித் தரும் கடைகளை நாடினார்கள். இந்தக் களவு நகல், உருவாக்கியவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் முறையான கடையும் தாங்கக்கூடிய விலையும் இல்லாத இடத்தில்தான் அது வேரூன்றியது என்பதும் வரலாற்றின் பகுதியே.

பாத்திரம் ஏற்றல்

ஆன்லைன் பாத்திர விளையாட்டின் வேர் கணினிக்கு வெளியே இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசி ஆடும் விளையாட்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் ‘மட்’ என்ற எழுத்து வடிவ உலகத்தைக் கணினியில் அமைத்து, பலர் ஒரே நேரத்தில் அதற்குள் உலவ வழி செய்தார்கள். 1997இல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1998இல் கொரியாவின் ‘லீனியேஜ்’, 1999இல் ‘எவர்க்வெஸ்ட்’ என அது படமும் பெருங்கூட்டமும் கொண்ட வடிவமாயிற்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010இல் 1.2 கோடி சந்தாதாரர்களை எட்டியது.

வேலை முடிந்த மாலையில் வேறொருவராக மாறும் விருப்பம் பம்மலுக்குப் புதிதன்று. ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞராக இருந்து பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானவர் அவர். நாடகத்தைத் தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் இருந்த காலத்தில், வழக்கறிஞர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஓய்வு நேரத்தில் ஒத்திகை பார்த்து மேடையேறும் அமெச்சூர் சபையாக அது வளர்ந்தது. பகலில் கோப்பு பார்த்தவர் இரவில் மன்னனானார். ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஏற்றார்கள்.

ஆன்லைன் விளையாட்டில் ‘கில்டு’ எனப்படும் குழு ஏறத்தாழ இதே இயல்புடையது. குறித்த நேரத்துக்கு எல்லோரும் வரவேண்டும். ஆளுக்கொரு பங்கு உண்டு. அடி வாங்கித் தாங்குபவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என மூன்று வேலைகளில் ஒன்று பிசகினாலும் ஆட்டம் கெடும். நாடகத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே எதிரே அவையோர் இல்லை என்பது. நடிப்பவர்களே பார்ப்பவர்கள். அதனால்தான் வெளியே நின்று பார்ப்பவருக்கு இது வெறும் திரை வெறிப்பாகவும், உள்ளே இருப்பவருக்கு ஒரு சபையாகவும் தோன்றுகிறது.

இந்த உலகங்களுக்குள் வருபவர்களை ரிச்சர்டு பார்ட்டில் 1996இல் நான்கு வகையாகப் பிரித்தார்: படிநிலை ஏறிச் சாதிப்பவர், மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்ப்பவர், பழகிப் பேச வருபவர், பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்பவர். கையடக்கக் கேம் முதல் இரு வகையினரை நன்றாகவே நிறைவுசெய்யும். மூன்றாம் வகையினருக்கு மனிதக் கூட்டம் வேண்டும். அவர்களே ஆன்லைன் உலகத்தின் உயிர்நாடி. அசுரனைக் கொல்வதற்காக உள்ளே நுழைந்து, நண்பர்களுக்காக ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது இவ்வகை விளையாட்டில் எங்கும் காணும் நடப்பு.

பிரவுசிங் சென்டர் காலம்

2000களில் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இணையம் இல்லை. கல்லூரிகளும் ரயில் நிலையங்களும் இருந்த இடங்களில் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. மணிக்கணக்கு வாடகை, தடுப்புப் பலகைகளுக்கு நடுவே கணினிகள். இங்கே கேம் என்றால் பெரும்பாலும் ஒரே அறைக்குள் கம்பி இணைத்து ஆடும் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ என்ற துப்பாக்கி விளையாட்டு. பாத்திர விளையாட்டில், 2001இல் வந்த ‘ரூன்ஸ்கேப்’ இதற்கு வசதியாக அமைந்தது. கணினியில் கேமை நிறுவாமல் பிரவுசரிலேயே ஆடலாம். அடிப்படை ஆட்டம் இலவசம். எந்தக் கணினியில் அமர்ந்தாலும் பழைய பாத்திரம் திரும்பக் கிடைக்கும்.

இந்தியாவில் ஆன்லைன் பாத்திர விளையாட்டை வணிகமாக நடத்திப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று சென்னையிலிருந்தே வந்தது. தரமணி டைடல் பார்க்கில் இயங்கிய சிஃபி நிறுவனம், 1998இல் சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் இந்தியாவின் முதல் தனியார் இணையச் சேவையைத் தொடங்கிய நிறுவனம். ‘ஐவே’ என்ற பெயரில் நாடெங்கும் பிரவுசிங் சென்டர்களை நடத்திய அது, 2000களின் நடுவில் கொரியாவின் ‘ஏ3’ என்ற பாத்திர விளையாட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ‘லெவல் அப்’ என்ற நிறுவனம் கொரியாவின் ‘ராக்னராக் ஆன்லைன்’ விளையாட்டுக்கு இந்தியச் சர்வரை நடத்தியது. இரண்டும் நிலைக்கவில்லை.

காரணங்களைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவ்வகை விளையாட்டு நூற்றுக்கணக்கான மணி நேரத்தைக் கேட்கும். மணிக்கு வாடகை கொடுத்து ஆடுபவருக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டில் பிஎஸ்என்எல் இணைப்பு இருந்தவர்களுக்கும் மாத டேட்டா அளவு குறைவு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் அளவில்லாமல் பயன்படுத்தலாம் என்றிருந்தது. எனவே பெரிய கோப்புகளை இறக்குவதும் நீண்ட ஆட்டமும் நள்ளிரவுக்குப் பிந்தைய வேலைகளாயின. உறக்கம் கெட்டதற்கு விளையாட்டின் ஈர்ப்பு மட்டுமன்றி, கட்டணத் திட்டத்தின் கடிகாரமும் ஒரு காரணம்.

3,200 கிலோமீட்டர்

ஆன்லைன் விளையாட்டில் ‘பிங்’ என்பது, ஆடுபவரின் கட்டளை சர்வரைச் சென்று சேர்ந்து விடை திரும்ப ஆகும் நேரம். அது மில்லி நொடியில் அளக்கப்படுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த வேகத்தை மீற முடியாது. எனவே பிங்கின் அடித்தளம் தூரமே.

இந்த விஷயத்தில் சென்னைக்கு இயற்கையாகவே ஒரு வசதி உண்டு. 2002இல் பாரதி, சிங்டெல் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ‘ஐ2ஐ’ கடலடிக் கம்பி சென்னையைச் சிங்கப்பூருடன் இணைத்தது; நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். டாடாவின் கம்பி அதே இரு நகரங்களை இணைத்தது. 2005இல் சீ-மீ-வீ 4 கம்பியும் சென்னையில் கரையேறியது. 3,200 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு 32 மில்லி நொடி போதும். வழியிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும், சிங்கப்பூரிலிருக்கும் தென்கிழக்காசியச் சர்வர் சென்னைக்காரருக்கு வட இந்திய நகரத்தவரைவிட அருகில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கான கம்பிப் பாதையைப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று கொண்டாலும் 100 மில்லி நொடிக்குக் குறையாது. அமெரிக்காவுக்கு அதனினும் அதிகம்.

துப்பாக்கி விளையாட்டில் இந்த வேறுபாடு உயிர் போகும் விஷயம். பாத்திர விளையாட்டு இதைப் பொறுத்துக்கொள்ளும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பெரும்பாலான திறன்களை ஒருமுறை பயன்படுத்தினால் அடுத்ததற்கு ஒன்றரை நொடி காத்திருக்கவேண்டும். 200 மில்லி நொடித் தாமதம் அந்த இடைவெளிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மெதுவான இணைப்பிலும் தொலைதூரச் சர்வரில் இந்தியர்கள் இவ்வகை ஆட்டங்களை ஆட முடிந்ததன் காரணம் இந்த வடிவமைப்பே. கம்பி அறுந்தால்தான் எந்த வடிவமைப்பும் உதவாது. 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலை அடுத்து கடலடி இணைப்பு பழுதாகி இணைய வேகம் குறைந்தபோது, பம்மலின் ஒரு வீட்டிலிருந்து சிங்கப்பூர்வரை நீண்டிருந்த அந்த நூல் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது.

பணம் போகும் வழி

விளையாட்டுக்குப் பணம் கொடுக்கும் முறை மூன்று கட்டங்களாக மாறியிருக்கிறது. முதலாவது, ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வது. கேசட்டும் வட்டும் இவ்வகை. இரண்டாவது, மாதச் சந்தா. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதம் 14.99 டாலர் கேட்டது. பன்னாட்டுக் கட்டணம் செலுத்தும் அட்டை அரிதாக இருந்த 2000களில் அது தென்புறநகர் மாணவருக்கு எட்டாக்கனி. மூன்றாவது, நுழைவு இலவசம், உள்ளே பொருள் விற்பனை.

மூன்றாம் முறையின் கூரிய வடிவம் ‘காச்சா’. ஜப்பானில் காசு போட்டால் ஏதோ ஒரு பொம்மை விழும் எந்திரத்தின் பெயரால் அமைந்த சொல் அது. 2020 செப்டம்பரில் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டில் உயர்தரப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, தொண்ணூறாவது முறைக்குள் ஒன்று உறுதி. படமும் இசையும் உலகமும் அருமையாக அமைந்த விளையாட்டு அது. ஆனால் தனக்குப் பிடித்த பாத்திரத்தை ஏற்பதே ஒரு குலுக்கலாகிவிட்டது. பாத்திரத்தைத் தானே தேர்ந்து வளர்ப்பதில் தொடங்கிய ஒரு விளையாட்டு வகைக்கு இது அடிப்படையான இழப்பு.

‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பது தமிழில் பெருங்குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. உயிர்களைப் பறித்த பண ரம்மியும் நண்பர்களோடு ஆடும் பாத்திர விளையாட்டும் ஒன்றல்ல. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து, இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்த ஆணையம் அமைத்தது. 2025இல் வந்த விதிமுறைகள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நிறுத்தின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணப் பந்தய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டையும் (இ-ஸ்போர்ட்ஸ்) சமூக விளையாட்டையும் தனியே பிரித்தது. பெற்றோரும் ஆசிரியரும் இந்தப் பிரிவினையை மனத்தில் கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் வெறுமனே அதிக நேரம் ஆடுவதை நோய் என்று சொல்லவில்லை. கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்து, கேடு வந்தபின்னும் தொடர்ந்து, அது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அதன் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு ஆகும்.

இரண்டும் ஒன்றான கைபேசி

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பின் இரு நீரோட்டங்களும் ஒரே கருவியில் கலந்தன. ஸ்மார்ட்போன் கையடக்கமானது, இணையத்தோடும் எப்போதும் கட்டுண்டது. பல்லாவரம் ரயிலில் நின்றபடியே நூறு பேருடன் போரிடும் பப்ஜி மொபைல் 2018இல் பரவியது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடைசெய்தது; 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது; 2022 ஜூலையில் முடக்கப்பட்டது; 2023 மேயில் திரும்பியது. சர்வரை நம்பிய விளையாட்டு எவ்வளவு எளிதாக மறையும் என்பதை ஒரு தலைமுறை இதில் கண்கூடாகக் கண்டது.

வசதி பெருகியபோது சில குணங்கள் தேய்ந்தன. கண்ணாடித் திரையில் விரல் வைத்தால் படத்தின் ஒரு பகுதி மறையும். பொத்தானின் தொட்டுணர்வு இல்லை. ஆட்டத்தின் நடுவே அழைப்பும் செய்தியும் குறுக்கிடும். கையடக்கக் கேமுக்கு ஒரு முடிவு உண்டு. கதை முடிந்தால் கருவியை மூடிவைக்கலாம். கைபேசியின் இலவச விளையாட்டு முடியாதபடி அமைக்கப்பட்டது. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்ற ஏற்பாட்டில், ரயில் இடைவேளையை நிரப்ப வந்த ஆட்டம் இரவையும் கேட்கிறது. ஸ்விட்ச், ஆர்ஓஜி ஆலை போன்ற தனிக் கருவிகளுக்கு, கையில் போன் இருக்கும்போதே ஆடுபவர்கள் பணம் சேர்ப்பதன் காரணம் இதுவே. விளையாடும் நேரத்தை மற்ற நேரத்திலிருந்து பிரித்து வைக்க ஒரு கருவி அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

எது கைமாறும், எது மிஞ்சும்

2011 டிசம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ சர்வர்கள் மூடப்பட்டன. 2012 நவம்பரில் ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த பாத்திரங்கள் அவற்றோடு போயின. கையடக்கக் கருவிகளும் இப்போது இந்த விதிக்குத் தப்புவதில்லை. நின்டெண்டோ 3டிஎஸ் கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சிலும், அதன் ஆன்லைன் சேவை 2024 ஏப்ரலிலும் நிறுத்தப்பட்டன. ஆனால் 3டிஎஸ் அட்டையில் வாங்கிய கேம் இன்றும் ஓடும். பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய கருவியும் கேசட்டும் வெள்ளிக்கிழமை விற்பனைக்கு வரலாம். ஒரு கில்டின் ஐந்தாண்டு உழைப்பு அங்கே வராது. அந்த உழைப்பின் பயன், உருவான நட்பில் மட்டுமே மிஞ்சுகிறது.

தமிழ் வாழ்க்கையும் இந்தக் கருவிகளுக்குள் நுழைந்திருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பைக் கொண்டு இட்லியும் பிற உணவுகளும் சரியாகச் செய்வதே அதில் ஆட்டம். மகன் கவின் தாய்மொழியிலிருந்து விலகுவதும் திரும்புவதும் அதன் உள்ளோட்டம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தச் சிறு விளையாட்டு, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், சுதந்திரக் கேம் விழாவின் பெரும்பரிசையும் பெற்றது. ஸ்விட்சில் ஆடினால் அது கைக்குள்ளேயே அடங்கும். தோசைக்கல்லின் ஒலியும் தமிழ்ப் பேச்சும் கொண்ட ஒரு கையடக்க உலகம் அது.

எனவே இந்த வட்டாரத்தில் ஒருவர் விளையாட்டுக் கருவியையோ ஆன்லைன் உலகத்தையோ தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை. ஒரு சார்ஜில் போக வர ரயில் பயணத்துக்குத் தாங்குமா? நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? சர்வர் சிங்கப்பூரிலா, மும்பையிலா, கடல்களுக்கு அப்பாலா? பணம் ஒருமுறை போகுமா, ஒவ்வொரு நாளும் கசியுமா? நிறுவனம் கடையை மூடினால் கையில் என்ன இருக்கும்? கருவியின் வேகத்தையும் திரையின் தெளிவையும் பார்க்கவேண்டியது இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகே.